லூர்தம்மாள் கேட்ட நிலைவாசல்

இக்னேஷியஸ் என்ற பெயர் முதன்முதலாக என் காதில் விழுந்தது எண்பத்து நாலாம் வருஷம், கரையான்சாவடி டீக்கடை ஓரத்தில். படகு ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர், கப்பலில் சமையல் வேலை பார்த்த இக்னேஷியஸின் இடம் சென்னீர்குப்பத்தில் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூவத்தில் மீன் பிடிக்கப் போகிறாரா என்று கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குடியிருக்க என்றார் லாரிக்காரர். ஒருவரும் நம்பவில்லை.

இக்னேஷியஸ் பாதி ஆயுசைக் கடலில் கழித்தவர். அவர் மனைவி லூர்தம்மாளும் மகள் ஜெயசீலியும் அந்தக் காலமெல்லாம் வாடகை வீடுகளில் கிடந்தார்கள். எந்த வீட்டிலும் நிலைக்கவில்லை. கருவாடு வறுத்தால் காலி பண்ணச் சொல்வார்கள். கப்பலை விட்டு வரும்போதெல்லாம் இக்னேஷியஸ் முதலில் மாதா கோயிலுக்குப் போய், என் குடும்பம் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். கேட்கும்போது அவருக்கு முகம் சுருங்கிவிடும். சாவதற்குள் லூர்தம்மாளை யாரும் எழுந்து போ என்று சொல்லாத இடத்தில் உட்காரவைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் மனசில் இருந்தது.

கையிலிருந்தது கூவத்தை ஒட்டிய பள்ளமான மனைக்கே சரியாகப் போயிற்று. சுவர் எழுப்ப வழியில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய கப்பலை உடைக்கக் கொண்டுபோனார்கள். ஆபத்து வந்தால் ஆட்களை இறக்க அதன் பக்கத்தில் தொங்கிய உயிர்காப்புப் படகு மட்டும் விலைக்கு வந்தது. ஃபைபரில் செய்தது, ஆரஞ்சு நிறம், ஒரு வேனைவிட நீளம். அதைச் செங்கல் தூண்கள்மேல் உட்காரவைத்து, மேலே தகரம் அடித்து, ஏறுவதற்கு ஏணி சாத்தினார்.

லூர்தம்மாள் கீழேயே நின்றுவிட்டாள். அவளுக்கு முழங்கால் மடங்காது.

"ஏணி வச்சு ஏர்றதுக்குப் பேரு ஊடா? சாமியாரு மந்திரிக்க வந்தா எங்க நின்னு தீர்த்தம் தெளிப்பாரு? எனக்கு நெலை வேணும். நெலைக்கு மேல சிலுவை வேணும்."

படகின் வயிற்றைக் கிழித்தால் அது படகு இல்லை என்பது இக்னேஷியஸுக்குத் தெரியாதா? தெரியும். தரையில் நிற்பதற்கு அது எதற்குப் படகாக இருக்க வேண்டும் என்று தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டார். வேம்புலி ஆசாரி பக்கவாட்டை அறுத்து, இடித்த வீட்டிலிருந்து வாங்கி வந்த தேக்கு நிலையைப் பொருத்தி, முன்னால் தாழ்வாக இரண்டு படி வைத்தார். பெஞ்சுக்கு அடியில் மிதப்பதற்காக அடைத்திருந்த நுரைக்கட்டிகளைப் பெயர்த்துவிட்டு லூர்தம்மாள் அங்கே அரிசிப் பானை வைத்தாள். சாமியார் வந்து மந்திரித்தார். அவள் வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனபோது இக்னேஷியஸ் வெளியே நின்று அழுதார்.

அக்கம்பக்கத்தாருக்கு அது நல்ல வேடிக்கை. பக்கத்து மனைக்காரன் கஜபதி, "மழ வந்தா நாங்கல்லாம் உன் ஊட்லதான் அண்ணாத்தே, டிக்கெட்டு கேக்காத" என்பான். இவரும் சிரிப்பார்.

மறுவருஷ ஐப்பசி மழையில் கூவம் கரை மீறியது. காலையில் தண்ணீர் தூண்களை மூடியதும் இக்னேஷியஸ் வாசலுக்குக் குறுக்கே பலகை அடித்து, சாக்கும் தாரும் வைத்து இடுக்கெல்லாம் அடைத்தார். மகளை முன்னமே கோயிலுக்கு அனுப்பியிருந்தார். முழங்காலை வைத்துக்கொண்டு போக முடியாத லூர்தம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். பலகை தாங்கினால் வீடு தாங்கும். தாங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது கஜபதி பலகையைத் தட்டினான். அவன் தோளில் அவன் அம்மா தாயம்மாள், பின்னால் பெண்டாட்டி. பெங்களூர் ரோட்டு மேட்டுக்கு அப்போதே போயிருக்கலாம். போட் இருக்கிறது என்று நம்பித் தங்கிவிட்டார்கள். இனி நடுவிலிருந்த பள்ளத்தைத் தாண்ட முடியாது. நிலை வைத்ததும் பழைய ஏணி வழியையும் தகரம் வைத்து ஆணி அடித்தாயிற்று. உள்ளே வர அந்த வாசல் ஒன்றுதான் வழி.

"தொறந்தா தண்ணி உள்ள பூந்துடும் கஜபதி. இது மெதக்காதுப்பா."

"போட்டு எப்டி மெதக்காம பூடும்? உன் பொண்டாட்டி மட்டும் பொழைக்கணுமா?"

வெளியே கிழவியின் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. இக்னேஷியஸ் லூர்தம்மாளைப் பார்த்தார். அவள் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"தொறங்க" என்றாள்.

அவர் பலகையைப் பெயர்த்தார். ஆட்களோடு தண்ணீரும் உள்ளே பாய்ந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தூணைவிட்டு வழுக்கியது. நிலையின் மூலையிலிருந்து அடிவரைக்கும் வெடித்தது. நெஞ்சளவு தண்ணீரில் பெஞ்சுமேல் நின்றுகொண்டு, கிழவியை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மத்தியானம் ரோட்டிலிருந்து லாரி டியூப் கட்டிக்கொண்டு வந்த பையன்கள் எல்லாரையும் கரைசேர்த்தார்கள். ஒரு உயிரும் போகவில்லை.

அந்த வெடிப்பைச் சேர்க்கத் தெரிந்தவர் நம் பக்கத்தில் ஒருவரும் இல்லை. வேம்புலி வந்து தடவிப் பார்த்து, மரமாக இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளம் வடிந்த மனையில் படகு சாய்ந்து கிடக்க, அவர்கள் மறுபடியும் வானகரத்தில் வாடகைக்குப் போனார்கள். நீதானே நிலை கேட்டாய் என்று இவரும் சொன்னதில்லை, நீங்கள்தானே அறுத்தீர்கள் என்று அவளும் சொன்னதில்லை. அப்புறமும் இரண்டு முறை வீடு மாறினார்கள்.

ஜெயசீலியை ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். இக்னேஷியஸும் லூர்தம்மாளும் இப்போது அந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் மகளோடு இருக்கிறார்கள். மருமகன் ரிட்டயர் ஆகும்வரை அங்கே இருக்கலாம்.