ஆமென் போட்டு அனுப்பிய படம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். செனாவாங் வீட்டில் நெத்திலி சம்பல் வதக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி 'டிங்' என்றது. எங்கள் ஜெபக் குழுவின் வாட்ஸ்அப் புலனத்தில் ஒரு படம் வந்திருந்தது.

ஒரு வெள்ளை வேன். பக்கத்தில் தொப்பியும் முகக்கவசமும் போட்ட ஒரு ஆள். அவர் தோளில் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண் குழந்தை... அழுதுகொண்டிருக்கிறது. கீழே நாலு வரி: 'மம்பாவ் பக்கம் பிள்ளை பிடிக்கிறவன் சுற்றுகிறான். நம் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். தெரிந்தவர்களுக்கு எல்லாம் அனுப்புங்கள்.'

மம்பாவில்தான் என் தங்கை லூர்து இருக்கிறாள். அவள் மகள் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

எங்கள் ஜெபக் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெடாஸ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஒரே லயத்து வரிசையில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது ஆளுக்கொரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபமாலை. மற்ற நாட்களில் புலனம்தான் கோயில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த ஜெபக் கோரிக்கை போட்டாலும் முதலில் 'ஆமென்' போட வேண்டும். அப்புறம் அதைக் குறைந்தது இரண்டு பேருக்காவது அனுப்ப வேண்டும். ஜெபம் நம்மோடு நின்றுவிடக்கூடாது அல்லவா?

யாருக்காவது டயாலிசிஸ், யார் பிள்ளைக்காவது எஸ்பிஎம் பரீட்சை என்றால் இந்த வழக்கம் ரொம்ப நல்ல வழக்கம். முகம் தெரியாத ஐம்பது பேர் நமக்காக முழங்காலில் நிற்கிறார்கள் என்றால் சும்மாவா?

அன்றும் கரண்டியை வைத்துவிட்டு ஆமென் போட்டேன். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றது போன். 'லைன் சரியில்லை' என்று திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக ஐந்து பேருக்கும் அனுப்பினேன். முதல் ஆள் லூர்து.

இப்போது வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் எங்கள் கோயில் மண்டபத்தில், பத்திரிகையில் எழுதுகிறவள் என்ற முறையில், பொய்ச் செய்திகளைப் பற்றி நானே பேசியிருந்தேன் — ஸ்லைடு எல்லாம் போட்டு. 'ரெட்டை அம்புக்குறி வந்தால் அது பல கை மாறிய செய்தி. அதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். ஏன் தெரியுமா? கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான். முகநூலில்கூடக் கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போனால், படித்தீர்களா என்று கேட்கும்.' இப்படியெல்லாம் சொன்னது சாட்சாத் நானேதான்.

அன்றைக்கு எங்கள் குழுத் தலைவி ரோசலின் அக்கா எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். "ரெட்டை அம்புக்குறின்னா நெறைய பேரு அனுப்பியிருக்காங்கன்னுதானே அர்த்தம்? அத்தன பேரும் பொய்யா சொல்வாங்க? அப்போ அது நெசமாத்தானே லா இருக்கும்?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். எச்சரிக்கைப் பலகையை நம் ஆட்கள் நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொள்கிறார்களே என்று பாடமும் எடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை, அதே ரெட்டை அம்புக்குறியைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'அடடா, இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்களே... பெரிய விஷயம்தான் போல.'

பிள்ளை என்ற வார்த்தையைப் பார்த்ததும் படித்ததெல்லாம் போய்விட்டது. செயலி தன்னால் முடிந்த மட்டும் என் கையைப் பிடித்துத்தான் பார்த்தது. நான்தான் உதறிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெபமாலைக்கு ஸ்டெல்லா வரவில்லை. மம்பாவில் இருக்கும் பெண். ஒரு வாரம்கூடத் தவறமாட்டாள். அவள் கணவர் சேகர் இந்து. மோட்டாரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவார். ஹெல்மெட்டைத் தாண்டி அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறார் என்று மட்டும் தெரியும்.

ரோசலின் அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்கா... அந்தப் படத்துல இருக்கறது எங்க வீட்டுக்காரரு கா."

ரோசலின் அக்கா போனை இன்னும் கிட்டே இழுத்தார்.

"எனக்கு டேட்டா முடியப் போவுது, லைன் ரொம்ப ஸ்லோ. படம் தெறக்கல, எழுத்து மட்டுந்தான் வந்துச்சி. பிள்ளைங்க விசயமாச்சேன்னு நானும் ஆமென் போட்டேன் கா. என் தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் அனுப்பிட்டேன். அவரு வீட்டுக்கு வந்தப்புறம் அவரு போன்லதான் பார்த்தேன்."

அதோடு போனை வைத்துவிட்டாள். ரோசலின் அக்கா ஜெபமாலையைக் கையில் வைத்தபடியே அழுதார்.

நடந்தது இதுதான். வேனில் வந்த ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்திருக்கிறது. சேகர் மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போயிருக்கிறார். எதிர்க்கடையில் இருந்த யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் வேனில் ஏறியது மூன்றே பிள்ளைகள். ஒரு தகப்பன் கேட்டைப் பாதி திறந்து, "இனிமே வர வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். ஒன்பது வருஷமாக அந்தத் தாமானில் வேன் ஓட்டுகிற மனிதர்.

அவசர அவசரமாக, நான் அனுப்பிய ஐந்தையும் 'எல்லோருக்கும் அழி' என்று அழித்தேன். லூர்துவைக் கூப்பிட்டேன்.

"அழிச்சி என்னக்கா பண்றது? நான் அப்பவே கிளாஸ் பேரண்ட்ஸ் குரூப்ல போட்டுட்டேனே" என்றாள். "எங்க அக்கா பேப்பர்ல எழுதறவங்க, அவங்களே அனுப்பியிருக்காங்கன்னு வேற சொன்னேன்."

அந்தத் தாமானுக்குள் படம் போன வழி நான்தான். அதுவும் என் பெயர் சொல்லி.

உடனே மறுப்பு எழுதினேன். கவனமாக, அழகாக, காற்புள்ளி அரைப்புள்ளியோடு. குழுவில் போட்டேன். பொய்க்கு நாற்பது ஆமென் விழுந்த இடத்தில், உண்மைக்கு ஆறு கட்டைவிரல். அதுவும் பல கை மாறியிருந்தால் ரெட்டை அம்புக்குறியோடு எனக்கே திரும்பி வந்திருக்கும். வரவே இல்லை.

சனிக்கிழமை காலை ரோசலின் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு என் வாசலில் நின்றார். "விரலால செஞ்சத காலாலதான் சரி பண்ணணும். வா."

லூர்துவும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் மம்பாவ் தாமானில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். 'படத்தை அனுப்பியது நான், அது பொய்' என்று ஒவ்வொரு கேட்டிலும் சொன்னேன். மேடையில் பேசுவதைவிட இது கஷ்டம். சிலர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஓர் அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டார்.

நாலாவது வீடோ ஐந்தாவது வீடோ... வாந்தி எடுத்த பிள்ளையின் தாய் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு மோட்டாரில் வந்து இறங்கினாள். செனாவாங் பேக்டரியில் வேலை. எந்தக் குழுவிலும் இல்லை. விஷயமே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "என்ன பேச்சு இது? எம் பிள்ளைய நான் வர்ற வரைக்கும் மடியில வெச்சிருந்த மனுசன் லா அவரு" என்றாள். தூக்கமில்லாத கண்ணோடு மீதி வீடுகளுக்கெல்லாம் எங்களோடு வந்தாள். அவள் வந்தபிறகு எந்தக் கேட்டிலும் நாங்கள் அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சேகரின் வீட்டுக்குப் போனேன். என்ன வசை கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல்முறையாக ஹெல்மெட் இல்லாமல் பார்க்கிறேன். சாதுவான முகம்.

"உக்காருங்கக்கா. ஸ்டெல்லா, அக்காவுக்கு தேத்தண்ணி கலக்கு."

"சேகர், என்ன மன்னிச்சிருங்க. அனுப்பினவங்கள்ல நானும் ஒருத்தி."

"ஸ்டெல்லா சொன்னா. வீடு வீடா போனீங்களாமே... நாளைக்கு ரெண்டு பிள்ளைங்கள தவிர எல்லாரும் வர்றாங்க. கோவமெல்லாம் இல்லக்கா. பிள்ளைங்கன்னா எனக்கும்தான் பயம் வரும். ஒன்னே ஒன்னுதான் எனக்கு வெளங்கல."

தன் கைபேசியில் அந்தப் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். வேனின் பின்கண்ணாடி, குழந்தையின் காலில் இருந்த சப்பாத்துக்குப் பக்கத்தில். அதில் வெள்ளை எழுத்தில் அவருடைய கைபேசி எண். ஓர் எண்கூட மறையவில்லை.

"ரெண்டு நாளும் போன கையிலயேதான் வெச்சிருந்தேன். யாராச்சும் போன் அடிச்சிக் கேப்பாங்க, சொல்லிறலாம்னு." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தர்கூட அடிக்கலயேக்கா."

ஊருக்கெல்லாம் அனுப்பினோம். அவரை மட்டும் கேட்கவில்லை.