ஊசியில் வந்த மஞ்சள் தண்ணீர்

யுத்த காலத்தில் கண்டி ஆஸ்பத்திரி வாசலில் ராணுவத்தினர் என்னைத் தடவிப் பார்ப்பார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். உள்ளே போய் நான் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். அவர்கள் தேடியது ஒருநாளும் கிடைத்ததில்லை. எனக்குச் சில நாள் கிடைத்தது. கட்டிக்குள் ஊசி விட்டு உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பூசி, நல்லதா கெட்டதா என்று சொல்வது என் வேலை.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் தன் ஒன்றரை வயது மகளைக் கொண்டுவந்தாள். ஈரலில் தேங்காயளவு கட்டி. சத்திரசிகிச்சை நிபுணர் என் ஊர்க்காரர். கடவுளுக்கு அடுத்த இடத்தில் தன்னை வைத்திருந்தார், அதுவும் தன்னடக்கத்தால்.

"புற்றுநோய்தான். வெட்டிப் பிரயோசனமில்லை. வீட்டை கொண்டுபோகச் சொல்லியாச்சு."

"புற்றோ எண்டு பாக்கக் கொழும்புக்கு அனுப்பின ரத்தம்?"

"அந்த ரிப்போர்ட் வாறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும்."

காலையில் அந்தக் கட்டியில் ஊசி குத்தியவள் என் உதவி டாக்டர். தகடுகளில் சிவப்பணுக்களைத் தவிர ஒன்றுமில்லை.

"ஊசிக்குள்ள வந்தது எங்கை, பிள்ளை?"

"மஞ்சள் தண்ணிதான் சேர் வந்தது. கைகழுவுற சிங்கில ஊத்திப்போட்டு, முனையில இருந்ததைப் பூசினன்."

கலங்களை, அதாவது உயிரணுக்களை, தேடியே பழகிய எங்களால் மட்டும் செய்யக்கூடிய தவறு. ஈரல் புற்றென்றால் பெரும்பாலும் கலங்கள் கொட்டும். தண்ணீர் வந்தால், புற்றில்லை என்பதற்கு அந்தத் தண்ணீரே பாதிச் சாட்சி.

தாய் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்துப்போற புள்ளைய எதுக்குங்க திரும்பவும் குத்துறீங்க?"

"சாகுமோ எண்டதைத்தான் அம்மா பாக்கப்போறன்."

மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கிடத்தினாள்.

இரத்தம் ஒழுங்காக உறைகிறது, ஸ்கேனில் இரத்தக்குழாய்க் கட்டியின் அடையாளமில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு குத்தினேன். கொழகொழவென்று மஞ்சள் நீர். அதை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கியதைப் பூசினேன். ஒழுங்கான ஈரல் கலங்கள் கொஞ்சம், பித்தக்குழாய்க் கலங்கள் ஒரு விரிப்பாக, கூழுக்குள் மெலிந்த நீளக் கலங்கள். கெட்டது எதுவுமில்லை. கருவிலேயே ஈரல் கோணலாக வளர்ந்து உண்டான கட்டி. வெட்டினால் தீர்ந்தது. நிபுணரிடம் போய்ச் சொன்னேன்.

"தண்ணியைப் பாத்தோ நான் கத்தி எடுக்கிறது?"

"எடுக்காட்டி, சுகப்படுத்தக்கூடிய பிள்ளையைச் சாக அனுப்பினீர் எண்டு ரிப்போர்ட்டில எழுதி வைப்பன்."

எடுத்தார். கட்டி முழுதாக வந்தது. அதை அறுத்துப் பார்த்ததிலும் அதே முடிவுதான்.

புற்றுநோயில்லை என்று தாயிடம் அவரே சொன்னார், தானே கண்டுபிடித்த தோரணையில். நன்றிக்காகக் காத்து நின்றார்.

"அப்ப மொதல்ல எதுக்குங்க புத்துநோய்னு சொன்னீங்க? எங்க வூட்டுக்காரரு குழி தோண்ட எடம் பாத்துட்டாரு!"

அவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் தையலைப் பார்த்தேன். நன்றாகத்தான் தைத்திருந்தார்.