நான் இருந்த இடங்களின் விரிதாள்

முப்பத்தொன்பது வயதில், பிறந்ததிலிருந்து எங்கெங்கே இருந்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு ஐசி கிடையாது. அடையாள அட்டை இல்லாதவன் அதற்கு விண்ணப்பம் போட்டால், அவன் இத்தனை வருடமும் இந்த நாட்டில்தான் இருந்தான் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒருவராவது சொல்ல வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் கல்யாணத்தைப் பதியவில்லை. சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில் பிறந்த என்னையும் யாரும் பதியவில்லை. நான்காம் வகுப்புவரை ஒரு தலைமையாசிரியர் கண்டுகொள்ளாமல் உட்காரவிட்டார். அவர் மாற்றலாகிப் போனதும் வந்தவர் பிறப்புப் பத்திரம் கேட்டார். அத்துடன் படிப்பு முடிந்தது. அம்மா காய்ச்சலில் போனார். அப்பா வேறு குடும்பத்தோடு போனார். பதின்மூன்று வயதிலிருந்து வேலை இருந்த இடத்தில் நான் இருந்தேன், வேலை முடிந்ததும் பஸ் ஏறினேன். ஒரே சுவரை மூன்று மாதம் பார்த்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். ஐசி இருந்திருந்தாலும் அலைந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதனால் பழியை எல்லாம் காகிதத்தின்மேல் போட முடியாது.

இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது விண்ணப்பித்ததற்குக் காரணம், நான் பிறந்தபோது கூட இருந்த ஒரே ஆள், பக்கத்து வீட்டு அம்மா, செபராங் ஜெயாவில் மகன் வீட்டில் படுத்துவிட்டதுதான். சர்க்கரையில் ஒரு காலை எடுத்தாகிவிட்டது. அவர் போய்விட்டால் நான் இங்கே பிறந்தேன் என்று சொல்ல உலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஜார்ஜ் டவுனில் ஒரு கடையின் மாடியில் வாரம் இரண்டு நாள் ஓர் அக்கா உட்கார்ந்து என்னைப் போன்றவர்களுக்கு இலவசமாக விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறார். வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சிகரெட் அட்டைகளிலும் ரசீதுகளின் முதுகிலும் எழுதி வைத்திருந்ததை மேசையில் பரப்பினேன்.

"இது என்னா தம்பி, மளிகை லிஸ்டா?"

"ஞாபகம் வர்றப்ப எழுதுனேன்கா."

"எனக்கு நாப்பது பேரு ஃபைல் இருக்கு. உன் கதைய அடுக்கிக்கிட்டு உக்கார முடியாது. வருஷ வாரியா கொண்டாலா. எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம், எந்த இடம், யாருக்குத் தெரியும், அவங்க ஐசி நம்பர். நடுவுல ஓட்டை இருந்தா கேப்பாங்க."

அப்போது பத்து காவானில் ஒரு கிடங்கில் கான்ட்ராக்டரின் கீழ் தினக்கூலிக்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். சரக்கு எண்ணுவதற்கு அங்கே கையடக்கக் கணினிகள் வைத்திருந்தார்கள். செங்கல் கனம், கீழே பாதி எண் பொத்தான், மேலே பாதி திரை. புதியவை வந்தபோது பழையவற்றைக் கழித்தார்கள். இரண்டு நாள் கூலிக்குப் பதிலாக ஒன்றை வாங்கிக்கொண்டேன். எனக்கு ஞாபகம் வருவது பெட்டி தூக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும்தான். அந்த நேரத்தில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதிலேயே ஒரு சின்ன விரிதாள் செயலி இருந்தது. அதில் கட்டங்கள் இருந்தன, கூட்டல் தெரியும், வேறொன்றும் தெரியாது. வந்த ஞாபகத்தை வந்த வரிசையில் தட்டினேன். கேமரன் மலை முட்டைகோஸ் தோட்டம், அதன் கீழே ஈப்போவில் கார் கழுவிய கடை, அதன் கீழே திடீரென்று பதினான்கு வயதில் இருந்த மீன் கொட்டகை. நாற்பது வரி தாண்டியதும் எது எதற்கு முன்னால் என்று எனக்கே குழம்பிவிட்டது. அந்தச் செயலிக்கு அடுக்கத் தெரியாது. தேதி என்றால் என்னவென்றும் தெரியாது.

இதைவிடக் கெட்டிக்காரச் செயலி வேண்டும் என்று கைப்பேசிக் கடைகள் நிறைந்த கட்டடத்துக்குப் போனேன். பழுது பார்க்கும் ஒரு பாய், என்னைவிடப் பத்து வயது சின்னவர், கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வச்சு ஆளையே அடிக்கலாம் அண்ணே."

"வருஷ வாரியா அடுக்கணும் பாய். ரெண்டு தேதிக்கு நடுவுல எத்தனை மாசம்னு சொல்லணும்."

ஒன்றை இறக்கிக் காட்டினார். அடுக்கியது, கழித்தது, கேட்ட கட்டத்துக்கு நிறம்கூடப் பூசியது. பிறகு கைப்பேசி எண் கேட்டது.

"உங்க நம்பர் சொல்லுங்க."

"இல்ல."

"நம்பர் இல்லாம எப்படி அண்ணே உயிரோட இருக்கீங்க?"

"ஐசி இல்லாம சிம் குடுக்கமாட்டாங்க பாய்."

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். தன்னுடைய எண்ணைத் தட்டினார். அவர் கைப்பேசிக்கு ஒரு குறியீடு வந்தது, செயலி திறந்துகொண்டது. நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. விட்டுப்போன இடங்களை எல்லாம் ஏற்றினேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்தபோது செயலி என்னை வெளியே தள்ளிவிட்டு மறுபடியும் குறியீடு கேட்டது. கடைக்கு ஓடினேன். பாய் தங்கையின் கல்யாணத்துக்காக இராமநாதபுரம் போயிருந்தார், திரும்ப ஒரு மாதமாகும். இங்கத்து எண்ணை அங்கே அணைத்து வைத்திருந்தார். என் வரிகள் எல்லாம் எங்கேயோ இருந்தன. கருவிக்குள் ஒன்றும் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் வாழ்க்கைய இன்னொருத்தன் பேர்ல போட்டு வச்சியா? ஒன்ன யாரும் பதியலன்னுதான இங்க வந்த?"

அந்த மாதத்தில் செபராங் ஜெயா அம்மாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையும் திரும்பி வந்தார். அக்கா பயந்துபோய், என் பட்டியலுக்குக் காத்திராமல், சத்தியப் பிரமாணம் வாங்கும் அலுவலரை அந்த வீட்டுக்கே அழைத்துப் போய், அம்மாவின் சாட்சியை எழுதி அவர் பெருவிரல் ரேகை வாங்கிவிட்டார்.

பாய் வந்ததும் என் விரிதாளை அந்தச் செயலியிலிருந்து வெளியே எடுத்தோம். இந்த முறை நான் என்ன வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். பெயர் கேட்கக் கூடாது, எண் கேட்கக் கூடாது, எழுதியது கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும், இணையம் இல்லாத இடத்திலும் திறக்க வேண்டும். இதெல்லாம் இருந்து அடுக்கவும் கழிக்கவும் தெரிந்தால் அதுவே பெரிய செயலி. பாய் நான்கைந்தை ஏற்றிப் பார்த்து அழித்தார். ஒன்று பணம் கட்டச் சொன்னது, கட்டுவதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு திறக்க ஐசி வேண்டும். இன்னொன்று இலவசம், ஆனால் வாரம் ஒரு முறை இணையத்தில் தலைகாட்ட வேண்டுமாம். கடைசியில் ஒன்றைத் தன் கணினியிலிருந்து கம்பி வழியாக ஏற்றினார். பெரிய திரைக்காகச் செய்த செயலி. என் திரையில் எழுத்துகள் எறும்புபோல இருந்தன. ஆங்கிலச் சொற்கள் பாதி புரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டி, என்ன நடக்கிறது என்று பார்த்து, சரியில்லை என்றால் திரும்பி வந்து, அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கனமான செயலி, திறக்கச் சொல்லிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வரலாம்.

எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து அடுக்கு என்று தட்டியபோது கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ஐம்பத்து மூன்று வரியும் மேலிருந்து கீழாக வந்து நின்றன. அக்கா ஒரு கழித்தலை எழுதிக் கொடுத்திருந்தார். இந்த வரி தொடங்கிய மாதத்திலிருந்து முந்தைய வரி முடிந்த மாதத்தைக் கழிக்க வேண்டும், இரண்டு மாதத்துக்குமேல் வந்தால் சிவப்பு. பெரும்பாலும் ஒன்று, சுழி, ஒன்று. ஒரே ஒரு கட்டம் சிவப்பாயிற்று. அதில் இருபத்தொன்பது என்று இருந்தது.

அது எனக்குத் தெரியாத காலமல்ல. பழைய செயலியில் வரிகள் கலைந்து கிடந்ததால் கண்ணில் படவில்லை, படாமலிருந்தது வசதியாகவும் இருந்தது. இருபத்து நான்கு வயதில் ஒரு மரப்பட்டறையில் வலது கை நசுங்கியது. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பார்கள் என்று முதலாளி பெர்மிட் உள்ள வேறொருவனின் பெயரில் என்னைச் சேர்த்தார். சிகிச்சை நன்றாகவே நடந்தது. அந்தச் சீட்டெல்லாம் இன்னொருவனுடையவை. கட்டோடு வெளியே வந்தபோது வேலை இல்லை. ஜார்ஜ் டவுனில் மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்னால், அஞ்சடி நடைபாதையில் படுத்தேன். கொஞ்ச நாள் என்று நினைத்தது இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆயிற்று. குடித்தேன். யாரும் பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், லோரி ஓட்டுகிறவன். பதினொரு வரிகளுக்கு அவன்தான் சாட்சி. காப்பிக் கடையில் விஷயத்தைச் சொன்னேன்.

"என் பேரப் போட்டுடுலா. எங்க சுங்கை பாக்காப் வீட்டுல என்னோட இருந்தேன்னு எழுது. பதினொன்னு போட்டாச்சு, பன்னெண்டாவது போட்டா கையா கடிக்கும்?"

அங்கேயே தட்டினேன். சிவப்பு மறைந்தது. எனக்கு இலேசாகக்கூட இருந்தது. பிறகு, புதிதாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் செய்து காட்டுவதற்காக, அவன் பெயரை மட்டும் வடிகட்டினேன். அவனுடைய பன்னிரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. புதிய வரிக்கு முன்னாலும் பின்னாலும் ஆறேழு வருடம் அவன் பெயரே இல்லை. ஏனென்று அப்போதுதான் உறைத்தது.

"நீ அப்ப சிங்கப்பூர்ல ஓட்டிக்கிட்டு இருந்த."

"அது யாருக்குத் தெரியும்?"

"உன் பாஸ்போர்ட்டுக்குத் தெரியும்."

அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "பாஸ்போர்ட் இல்லாதவன் கொடுத்து வச்சவன்டா" என்றான்.

இந்த ஒன்று பொய்யென்று தெரிந்தால் மற்றப் பதினொன்றையும் யாரும் நம்பமாட்டார்கள். அவன்மேலும் வழக்கு வரும். வரியை அழித்தேன். அவன் கோபப்படவில்லை. காப்பிக்கு அவனே கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த விடுமுறை நாளில் அந்தத் தெருவுக்குப் போனேன். நான் படுத்திருந்த கடை இப்போது தங்கும் விடுதி. வாசலில் செடித் தொட்டிகள், கண்ணாடிக் கதவு. எதிரே பத்திரிகையும் சிகரெட்டும் விற்கிற ஒட்டுக்கடை மட்டும் அப்படியே இருந்தது, அப்போது அதை நடத்திய அதே கடைக்கார அக்காவும். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரென்று சொல்லி, எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இங்க ஏழெட்டுப் பேரு படுத்திருப்பீங்க. எல்லாருக்கும் ஒரே தாடி, ஒரே அழுக்கு. யாரு என்னான்னு நான் எங்க பாத்தேன்? தண்ணி கேட்டா குடுப்பேன்."

கையைக் காட்டினேன். இரண்டு விரல் மடங்காது.

"கட்டுப் போட்ட ஒருத்தன் இருந்தான். ஆமா, இருந்தான்." என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "அது நீதான்னு சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது தம்பி. பொய்யாப் போயிடும். தப்பா நெனச்சுக்காத."

"இல்லக்கா."

ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அங்கேயே நின்று குடித்துவிட்டு வந்தேன்.

அந்த இருபத்தொன்பது மாதத்துக்கு ஒரு வரி சேர்த்து, நான் படுத்திருந்த கடையின் எண்ணையும் தெருவின் பெயரையும் எழுதினேன். சாட்சி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். பாரம் நிரப்பும் அக்கா அதைப் படித்துவிட்டு, "இப்படியே குடுப்போம்" என்றார். அச்செடுத்து, கோப்பில் கோத்து, இருவருமாகப் பதிவு இலாகா கவுண்டருக்குப் போனோம். இருந்தவர் இளம் பெண் அதிகாரி. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். அங்கே வந்ததும் நிறுத்தினார். இங்கே யார் உன்னுடன் இருந்தது என்று மலாயில் கேட்டார். யாருமில்லை, கடை முன்னால் படுத்திருந்தேன் என்றேன். என்னைக் கொஞ்சம் பார்த்தார். ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை. ஒரு சீட்டைக் கொடுத்து, பதில் கடிதமாக வரும், வருடக்கணக்காகலாம், முகவரியை மட்டும் மாற்றாதே என்றார். கடிதம் திரும்பி வந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம்.

அதனால் இந்த அறையிலேயே இருக்கிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி, ஒரே சன்னல், எதிரே சுவர். பதினான்கு மாதமாகிறது. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அந்தக் கடை முன்னால் கிடந்ததைத் தவிர, இத்தனை நாள் ஓரிடத்தில் நான் இருந்ததே இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் நல்ல வேலை இருக்கிறது, இரண்டு மாதம் வந்துவிட்டுப் போ என்று கூட்டாளி கூப்பிட்டான். பை கட்டுகிற அளவுக்குப் போய், அவிழ்த்துவிட்டேன். கிடங்கில் மாலை வேலை கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன், காலையில் அறையில் இருப்பதற்காக. பதினொரு மணி சுமாருக்குத் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் வரும். இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறப்பேன். வருவதெல்லாம் கீழ்வீட்டு ஆளுக்கு. எடுத்துப்போய் அவர் கதவுக்கடியில் தள்ளிவிட்டு மேலே ஏறிவிடுவேன்.