இசைப்பிரியாவை வரச்சொல்

நெய்வேலி பதினெட்டாவது பிளாக்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்தைத் தொடங்கியவள் ஜெபக்கனி. நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்த சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண். பக்கத்து குவார்ட்டர்ஸ் லூர்துமேரி ஜெபமாலையோடு வருவாள். லுத்தரன் சபைப் பெண்களும் வருவார்கள். யார் எந்தக் கோயில் என்று யாரும் பார்த்ததில்லை. ஜெபக்கனி பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, நிறுத்தி நிதானமாக ஜெபிப்பாள்.

பிறகு இசைப்பிரியா வந்தாள். குள்ளஞ்சாவடிக்காரி. புருஷனுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. பெந்தெகொஸ்தே சபையில், வளர்ந்தபின் தண்ணீரில் முழுகி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள். காதிலும் கழுத்திலும் பொட்டு நகை கிடையாது. கண்ணை மூடி "அப்பா" என்று அவள் ஆரம்பித்தாலே கூட இருப்பவர்களுக்கும் அழுகை வந்துவிடும். கொஞ்ச நாளில், உடம்புக்கு முடியாதவர்களும் மகனுக்கு வேலை கிடைக்காதவர்களும் கூட்டம் முடிந்ததும் அவள் கையைத்தான் பிடித்தார்கள். ஜெபக்கனி அந்தப் பக்கம் பார்க்காமல் பாயைச் சுருட்டுவாள்.

ஜெபக்கனியின் புருஷன் செல்வினுக்கு நெஞ்சில் அடைப்பு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் கேட்டார். "அந்தப் பிள்ளைய வரச்சொல்லேன். ஒரு ஜெபம் பண்ணட்டும்."

"நான் பண்ணலையா?"

"நீ எப்பவும் பண்ணுததுதானே."

இசைப்பிரியா வந்து ஜெபித்தாள். செல்வின் பிழைத்தார். எல்லாம் அவள் ஜெபம் என்று பிளாக் முழுக்கப் பேச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் வீங்க ஜெபித்துக் கிடந்த ஜெபக்கனியை ஒருவரும் நினைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு இசைப்பிரியா வரவில்லை. ஜெபக்கனி பேச்சை எடுத்தாள். "குழந்தையில நாம எடுத்த ஞானஸ்நானமே செல்லாதுங்காங்க அவங்க சபையில. இனிமே நம்ம கூட்டம் தனியா இருக்கட்டும்."

"இசைப்பிரியா அப்படிச் சொன்னாளா?" என்றாள் லூர்துமேரி.

"அவங்க பாஸ்டர் சொல்லுதாராம்."

"நான் மாதா கோயிலுக்குப் போறவ. என்னை எந்தக் கூட்டத்துல சேப்பீங்க?"

ஜெபக்கனி பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். அடுத்த வாரமே பிரிந்து தன் வீட்டில் தனிக்கூட்டம் வைத்தாள். அவள் வீட்டுக்கு இரண்டே பேர் வந்தார்கள். மற்றவர்கள் லூர்துமேரி வீட்டில் கூடினார்கள். மதில் தாண்டிக் கைத்தட்டல் கேட்கும்.

ஒருநாள் இசைப்பிரியாவே வாசலில் வந்து நின்றாள். "நீங்க இல்லாம சங்கீதம் படிக்க ஆளே இல்லைங்க அக்கா. நான் படிச்சா தடுக்கிகினே போவுது. வாங்க."

ஜெபக்கனிக்கு முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தத்தான் தோன்றியது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பைபிளை எடுத்துக்கொண்டு போனாள். வாசித்தாள். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு இசைப்பிரியா "அப்பா" என்றாள். ஜெபக்கனி அரைக்கண் திறந்து, யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்தாள். லூர்துமேரி அழுதுகொண்டிருந்தாள். நான் ஜெபிக்கும்போது இவள் ஒரு நாளாவது அழுதிருக்கிறாளா என்று நினைத்தாள். ஜெபம் முடிந்தபோது, மற்றவர்களோடு சேர்ந்து அவளும் ஆமென் சொன்னாள்.