மாத்து ஆள் வரும்வரை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று நேற்றுவரை சும்மா இருந்தவன்தான் நான். ஆனால் இன்று காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்கக் கூடாது. போனில் பார்க்க வேண்டிய வீடியோவெல்லாம் பார்த்தாயிற்று. பேட்டரி பாதிக்கு வந்துவிட்டது. மிச்சப் பாதியில் கர்னலைப் பற்றி எழுதிவிடலாம் என்று தோன்றியது. பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. இதில் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைப் போய்க் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

நான் உட்கார்ந்திருப்பது ஒரு மடக்கு நாற்காலியில். மரச்சட்டம், கெட்டியான கித்தான் துணி. நேற்று எங்கள் மெக்கானிக் ஷாப்புக்கு ஒரு பழைய ஸ்டாண்டு தேடிக் காயலான் கடைக்குப் போனபோது, ஃப்ரிட்ஜ் கதவுக்கும் துருப்பிடித்த சைக்கிளுக்கும் நடுவில் சொருகிக் கிடந்தது. பார்த்த மாதிரி இருக்கிறதே என்று எடுத்து மூக்குக்கிட்டே வைத்தேன்.

"இன்னாபா, நாற்காலியப் போயி மோந்து பாக்குற. கருவாடா அது?" என்றார் கடைக்காரர்.

கருவாடு இல்லை, ஷூ பாலிஷ். இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசனை கித்தானை விட்டுப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் நாற்காலிக்கு பாலிஷ் போடுகிற ஆள் ஒருத்தர்தான் இருந்தார். நாற்காலி என்ன, ரப்பர் செருப்பின் வாருக்கே போடுவார்.

அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயலுக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் தெரு. தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் குறுக்கே ஒரு பெரிய அபார்ட்மென்ட். அது வருவதற்கு முன்னால் அந்த இடம் முள்ளுக்காடு, நடுவில் எங்கள் ஒற்றையடிப் பாதை. கட்டினவர் நல்ல மனுஷன்போல. பாதையை விழுங்காமல், சுவரில் ஒரு சின்ன பின் கேட் வைத்துவிட்டுப் போனார். அதில் நுழைந்து கார் நிற்கிற இடத்தின் ஓரமாகவே நடந்தால் ஸ்டேஷன் ரோடு. அந்த கேட் இல்லையென்றால் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு லாரி திரும்புகிற முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த முனையில் லாரிக்காரன் யாரையும் பார்த்துத் திருப்புவதில்லை, கடவுளை நம்பித்தான் திருப்புகிறான்.

அந்த அபார்ட்மென்டில் ஒரு கர்னல் குடிவந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நானும் பாபுவும் வேடிக்கை பார்க்கப் போனோம். பாபு என் கேரம் கூட்டாளி. முறுக்கு மீசை, கையில் துப்பாக்கி, வாசலில் ஒரு பெரிய நாய் என்று ஆசையாகப் போனால், மீசையே இல்லாத ஒருத்தர் அரை டிராயரும், ஏதோ ஆப்பிரிக்கா ஃபுட்பால் கிளப் பனியனும் போட்டுக்கொண்டு குப்பை கொட்ட வந்தார். "இவுரு கர்னலா, கர்னலு ஊட்டு சமையல்காரரா?" என்று பாபு என் காதில் கேட்டது அவர் காதிலும் விழுந்துவிட்டது. "ரெண்டும் நான்தான்டா" என்றார்.

வேலூர்ப் பக்கத்து மனிதர். பட்டாளத்தில் பாதிக் காலம் கடல் தாண்டியே போனது. ஜாம்பியாவில் அந்த ஊர்ப் பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுத்தார். மகள் அங்கேதான் பள்ளிக்கூடம் படித்தாள். வெள்ளைச் சோள மாவில் களி கிண்டித் தின்பார்களாம். நம்ம கேழ்வரகுக் களிக்குப் பவுடர் பூசின மாதிரி இருக்கும் என்பார். அப்புறம் ஐ.நா. படையில் காங்கோ. ரிட்டையர் ஆகி, மனைவியும் போன பிறகு, கனடாவில் மகள் வீட்டில் கொஞ்ச வருடம். அங்கே என்ன சார் செய்தீர்கள் என்று கேட்டேன். "குப்பைய நாலு டப்பாவுல பிரிச்சிப் போட்டுகிட்டு இருந்தன்" என்றார். அதற்கு மேல் முடியாமல் ஒரே ஒரு பெட்டியோடு ஓடிவந்துவிட்டார்.

டீக்கடையில் கிளாஸை வாங்கும்போது "ஸிகோமோ" என்பார். ஜாம்பியாவில் நன்றிக்கு அதுதானாம். டீ மாஸ்டர் ஒரு வாரம் முறைத்தார், திட்டுகிறார் என்று நினைத்து. அர்த்தம் தெரிந்த பிறகு, பாக்கிச் சில்லறை கொடுக்கும்போது அவரே எல்லோருக்கும் "ஸிகோமோ" சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட மிட்டாய் வாங்கினால் ஸிகோமோ. அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஐ.டி. குடும்பங்கள் இது ஏதோ சென்னைத் தமிழ் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அசோசியேஷனுக்கு ஒரு செகரட்டரி வந்தார். முன்பு எந்த ஊரில், எந்த கேட் அவரைக் கடித்ததோ தெரியவில்லை. வந்ததும் முதல் தீர்மானம், பாதுகாப்பு காரணமாகப் பின் கேட்டை வெல்டிங் வைத்து மூடுவது. பாதுகாப்பு யாரிடமிருந்து? எங்களிடமிருந்து. அந்த வழியாகப் போகிறவர்கள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற பெண்கள். எங்கம்மாவும் அதில் ஒருத்தி. மிச்சப் பேர் அதே அபார்ட்மென்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள்.

வெல்டர் வந்த காலையில் கர்னல் இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கேட்டைத் திறந்து, கதவு வந்து மூடுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். செகரட்டரி ஓடிவந்து, மெஜாரிட்டி முடிவு சார், நீங்களும் ஒரு ஓனர் சார், என்று எடுத்துச் சொன்னார். கர்னல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெல்டர் ஒரு டீ குடித்தான், இரண்டாவது டீ குடித்தான், போய்விட்டான்.

என்ன சார் இது, சண்டை போடுவீர்கள் என்று பார்த்தால் உட்கார்ந்துவிட்டீர்களே என்று நாங்கள் கலாய்த்தோம். அப்போதுதான் காங்கோ கதை வந்தது. ஒரு ஊரில் இரண்டு கூட்டத்துக்கு நடுவில் சண்டை. சந்தைக்குப் போகிற ரோட்டை ஒரு கூட்டம் மறிக்கப் பார்த்தது. சந்தைக்கு வாழைத்தார் சுமந்து போகிறவர்கள் பெண்கள். கர்னல் நடுரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம்.

"நின்னுகிட்டு இருக்கறவன தள்ளிட்டுப் போயிடுவான்டா. உக்காந்துகிட்டு இருக்கறவன என்னா பண்றதுன்னு எவனுக்கும் தெரியாது."

"எங்க ஹெட்மாஸ்டருக்குத் தெரியும் சார். காதப் புடிச்சித் தூக்குவாரு" என்றான் பாபு.

ஆனால் ஒரு ஆள் எத்தனை நேரம் உட்கார முடியும்? சாப்பிட வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும். பட்டாளத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறதாம். காவலுக்கு நின்றவன், மாத்து ஆள் வந்து நிற்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. வருகிறவனையும் சும்மா விடக் கூடாது. "தம், கோன் ஆதா ஹை?" என்று நிறுத்த வேண்டும். நில், யார் வருவது என்று அர்த்தம். வருகிறவன் "தோஸ்த்" என்று சொன்னால்தான் இடம் கை மாறும்.

"தோஸ்த்துன்னா இன்னா சார்?" என்றான் பாபு.

"சிநேகிதன்."

"அப்ப மச்சான்னு சொல்லிக்கிறோம். வாயில நல்லா வருது."

கர்னல் யுத்த விஷயம் மாதிரி யோசித்தார். பிறகு, மச்சான் சரி, ஆனால் கேள்வி இந்தியில்தான் என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் டியூட்டி. வெல்டர் எப்போது வருவான் என்று தெரியாததால் பகல் முழுக்க ஆள் வேண்டும். நான் ஷாப்புக்குப் போகும் முன்னால், பாபு மத்தியானம், கேரம் பசங்கள் நடுநடுவே, மிச்சமெல்லாம் கர்னல். ஒரு தடவை பாபு தன் பைக்கை கேட்டில் குறுக்கே நிறுத்திவிட்டு சிகரெட் வாங்கப் போய்விட்டான். திரும்பி வந்தால் பைக்குக்கு முன்னால் கர்னல் நின்று, "தம், கோன் ஆதா ஹை?" என்று அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அது பதில் சொன்னா உன்ன உட்டுடறன்" என்றார். அன்று முழுக்க பாபுவோடு பேசவில்லை.

பிறகு மழை வந்தது. எங்கள் ஊர் மழை தெரியும்தானே, பெய்கிற மழையைவிட ஏரியிலிருந்து நம் வீட்டுக்கு விருந்தாட வருகிற மழைதான் அதிகம். தெருவில் முழங்கால் தண்ணீர். மழையில் எவன் வெல்டிங் வைப்பான், ஷாக் அடிக்காதா, ஆகவே இன்று லீவு என்று நாங்கள் எல்லோருமே தனித்தனியாக முடிவுசெய்துவிட்டோம். பள்ளிக்கூடப் பழக்கம். தூறல் விழுந்தாலே கலெக்டர் லீவு விட்டாரா என்று டிவி பார்த்தவர்கள் நாங்கள். கர்னலுக்கு அப்படி ஒரு லீவு இருப்பதே தெரியாது. ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். மாத்து ஆள் வரவில்லை, அதனால் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கார்மென்ட்ஸ் பெண்கள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தபோது அவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. எங்கம்மா பார்த்துவிட்டு, "எந்திரிங்க சார், நான் குந்திக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். இவர் அந்த நடுக்கத்திலும், "தம், கோன் ஆதா ஹை?"

அம்மாவுக்கு விஷயம் தெரியும். நான்தான் வீட்டில் தினமும் நடித்துக் காட்டுவேனே. ஆனால் கட்டின புருஷனையே ஒருநாளும் மச்சான் என்று கூப்பிடாதவள், ஊர் பார்க்க ஒரு கர்னலை எப்படிக் கூப்பிடுவாள்? என் பிள்ளைக்குப் பதில் வந்திருக்கிறேன், எழுந்திருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. பின்னால் இருந்தவர்கள், "சொல்லுக்கா, ஆம்பள வெறச்சிப் பூடுவாரு" என்று தள்ளினார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துப் பக்கம் திரும்பி, "மச்சான்" என்றாள்.

கர்னல் எழுந்தார். சல்யூட் வைத்தார். அதுவரை எங்கள் ஒருத்தனுக்கும் வைத்ததில்லை.

கார்மென்ட்ஸ் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லியே பொங்கல்வரை எங்கம்மாவை வேலை செய்ய விடவில்லை. எங்கப்பாதான் இரண்டு நாள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து டியூட்டி பெண்கள் கைக்குப் போய்விட்டது. பாத்திரம் தேய்க்கிறவர்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். செகரட்டரி வீட்டு வேலை செய்கிற மேரியக்கா தன் முறை வந்தபோது சொன்னது: "நான் எந்திரிச்சா உங்க ஊட்டுப் பாத்திரத்தக் கழுவலாம் சார். ஆனா கேட்ட மூடிட்டா நாளைக்கி எந்த வழியா வந்து கழுவுறது, அத மட்டும் சொல்லிடுங்க." செகரட்டரி யோசித்தார். அவர் மனைவி யோசிக்கவில்லை, மேரியக்காவுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார். தீர்மானம் அந்த காபியில் கரைந்தது.

கேட் தப்பித்தது, கர்னல் தப்பிக்கவில்லை. மழையில் பிடித்த சளி மார்பில் தங்கிவிட்டது. மகள் கனடாவிலிருந்து வந்தாள். அவள்மேல் தப்பில்லை, அப்பாவைத் தனியாக விட எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? கிளம்புகிற அன்று கார் வெளியே நிற்கிறது, பெட்டி ஏற்றியாயிற்று, ஆளைக் காணோம். பின் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மகள் அழுகிறாள். பட்டாளத்திலேயே என்னை எவனும் இழுத்துக்கொண்டு போனதில்லை, மாத்து ஆள் வரட்டும் என்கிறார். மேரியக்கா ஷாப்புக்குப் போன் போட்டாள். நான் கிரீஸ் கையோடு ஓடினேன்.

"தம். கோன் ஆதா ஹை?" என்றார் இருமிக்கொண்டே.

"மச்சான்" என்றேன்.

எழுந்தார். துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். திரும்பிப் பார்க்காமல் போய்க் காரில் ஏறிக்கொண்டார். கார் போன பிறகும் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நாற்காலியை மடித்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட வண்டியைப் பார்க்கப் போனேன்.

கனடாவிலேயே போய்விட்டார். அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் அவருக்கு ஆழ்ந்த இரங்கல், அதற்குக் கீழேயே தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு. வாட்ச்மேன்தான் காட்டினார்.

இப்போது கார்மென்ட்ஸ் கம்பெனி இடம் மாறிவிட்டது. நாங்கள் கேரம் ஆடின கொட்டகை இருந்த இடத்தில் இன்னொரு அபார்ட்மென்ட். டீக்கடை போய்விட்டது. மிட்டாய்க்கு ஸிகோமோ சொன்ன பிள்ளைகள் பெரியவர்களாகி, எதற்கும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. பாபு குத்தம்பாக்கம் பக்கம் வீடு பார்த்துப் போய்க் கால் டாக்சி ஓட்டுகிறான். கர்னல் வீட்டைக் காலி செய்து விற்றுவிட்டார்கள், நாற்காலி வாட்ச்மேன் ரூமிலிருந்து காயலான் கடைக்குப் போய்விட்டது.

கேட் மட்டும் இருக்கிறது. அதற்கும் ஒரு புது செகரட்டரி வந்திருக்கிறார். இந்த முறை வெல்டிங் இல்லை, சுவர். நேற்றே செங்கல்லும் மணலும் இறக்கியாயிற்று. அதனால்தான் காலையில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேரியக்கா இன்னும் இந்த வழியாகத்தான் வருகிறாள். எங்கம்மா முட்டி வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போக ரயில் பிடிப்பதும் இந்த வழியாகத்தான். அவளை லாரி முனையில் கொண்டுபோய் விட என்னால் முடியாது.

கொத்தனார் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருக்கிறார். புது செகரட்டரி என் வயசுதான் இருப்பார். மரியாதையாகத்தான் கேட்டார்: "ப்ரோ, இன்னும் எவ்ளோ நேரம் உக்காருவீங்க?"

"மாத்து ஆளு வர்ற வரிக்கும்" என்றேன்.

யாரும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் பாட்டில் காலி. கர்னல் அந்த மழையில் எப்படி உட்கார்ந்தார் என்று இப்போதுதான் முதுகுக்குப் புரிகிறது. இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். இதுவரை எழுதியதை முதலில் பாபுவுக்கு அனுப்பினேன். கடைசி வரியாக, "தம், கோன் ஆதா ஹை?" என்று போட்டேன். இரண்டு டிக்கும் நீலமாயின. கொத்தனார் மூன்றாவது டீ சொன்னார். அப்புறம் பதில் வந்தது.

"மச்சான். எந்திரிக்காத, வந்துகினே கீறேன்."