கூரை எழுத்தும் என் கண்ணும்

விமானப்படையில் பைலட் ஆவதற்குக் கால் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எல்லோரும் என்றால் அப்பா, அம்மா, நான். உட்கார்ந்தால் தலை எந்த உயரத்துக்கு வர வேண்டும், தொடை எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதெல்லாமும் தெரியும். அம்மா ஜாக்கெட் தைக்கிற டேப்பை எடுத்து வந்து, என்னைச் சுவரோடு ஒட்டி உட்கார வைத்து அளந்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வந்தது. "அசையாம உக்காரு புள்ளே, ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தாக்கூட இத்தன பாடு இல்ல" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். கடைசியில் எல்லாமே விதிக்குள் அடங்கின. அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி.

குன்னூரிலிருந்து மஞ்சூர் போகிற வழியில், ரோட்டுக்குக் கீழே இருந்தது எங்கள் வீடு. வாசலில் நின்றால் எதிரே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அப்பா வேலை பார்த்த டீ ஃபேக்டரி. சுற்றிலும் உள்ள சிறு தோட்டக்காரர்களிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிற ஃபேக்டரி அது. இலையை வாட வைக்கிற மாடிக்கு அப்பா சூப்பர்வைசர். தேய்த்த சட்டை, மேலே அம்மா பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர், பையில் பேனா. பேனாவுக்கு அங்கே பெரிதாக வேலை இருந்ததாகத் தெரியவில்லை, ஆனால் அது இல்லாமல் அப்பா படியிறங்கி நான் பார்த்ததில்லை.

நான் ஊட்டியில் கல்லூரிக் கடைசி வருடம் படித்தபோது தேயிலை விலை விழுந்தது. கொஞ்ச நாளில் நிமிர்ந்துவிடும் என்றார்கள், நிமிரவில்லை. இலை விற்ற காசு பறிகூலிக்கே போதாமல் பல பேர் செடியை அப்படியே விட்டார்கள். இடுப்பளவில் இருந்த செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாக நின்றது. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் கல்லூரி நூலகத்தில், பெண்களையும் பைலட்டாக எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தேன். குடும்பக் கஷ்டத்தைத் தீர்க்கக் கிளம்பினேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்கிற பஸ்ஸில் வளர்ந்தவளுக்கு, வளைவே இல்லாத ஒரு வழி இருக்கிறது என்பதே பெரிய ஆசையாக இருந்தது.

"ஏனுங்க, பொட்டப் புள்ளைக்கு ஏரோப்ளேன் எதுக்குங்க?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"ஓட்டப் போறது அவ. நீ கீழ நின்னு கையாட்டு, போதும்" என்றார் அப்பா.

விதிகளிலேயே பெரியது கண். தூரத்து எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். கிட்டப்பார்வை என்றால் துளிதான் மன்னிப்பார்கள். ஆபரேஷன் செய்து சரி பண்ணிய கண்ணும் அப்போது ஆகாது. இவ்வளவும் தெரிந்திருந்தும் நாங்கள் ஒரு கண் டாக்டரைப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் அம்மா. "டாக்டருகிட்டப் போனா கண்ணாடி எழுதாம உடமாட்டான். கண்ணாடி போட்ட புள்ளைய எவன் கட்டுவான்?" பைலட் ஆகாவிட்டால் கல்யாணம், அதற்காவது கண்ணாடி இல்லாத முகம் வேண்டும் என்பது அவள் கணக்கு. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் நானும் போகவில்லை. ஏனென்றால் எங்களிடம் வேறொரு பரிசோதனை இருந்தது.

ஃபேக்டரியின் தகரக் கூரையில் அதன் பெயரை வெள்ளைப் பெயின்டில் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தார்கள். காலையில் பல் விளக்கி முடித்ததும் வாசலில் நிற்பேன். அப்பா பக்கத்தில் நின்று என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடுவார். படிப்பேன். பிறகு வலது கண். அதையும் படிப்பேன். ஒரு எழுத்து தப்பியதில்லை. "கழுகுக் கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குக் கிளம்புவார். இதுபோக, கேரட். எங்கள் மலையில் கேரட்டுக்கு என்ன பஞ்சம்? பொரியல், சாம்பார், பச்சையாக, அரைத்த சாறாக என்று வந்துகொண்டே இருந்தது. முயலுக்கே அலுத்துப் போயிருக்கும்.

வகுப்பில் கரும்பலகை சரியாகத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி யோசித்ததே இல்லை. எங்கள் ஊரில் பாதி நாள் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் இருக்கும், அது எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வெயில் அடிக்கிற நாளிலும் எனக்கு மூட்டமாகத்தான் இருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆள் இல்லை.

மைசூரில் தேர்வு நடந்தது. அப்பா லீவு போட்டுக் கூட வந்தார். எழுத்து, பேச்சு, கூட்டமாக உட்கார்ந்து விவாதம் என்று பல நாள் இழுத்தது. கடைசியில் ஒரு இயந்திரத்தின் முன் உட்கார வைத்துக் கையையும் காலையும் கண்ணையும் ஒன்றாக ஓட்டச் சொன்னார்கள். அந்தச் சோதனைக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் உட்காரலாம், தோற்றால் மறுபடி வாய்ப்பில்லை. எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் எனக்குக் கண் ஒரு தொல்லையும் தரவில்லை. தேறிவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில், கேட்காமலே கண்டக்டரிடம் அப்பா சொன்னார்: "என்ற பொண்ணுங்க. பைலட்டு." கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சந்தோசமுங்க. டிக்கெட் ரெண்டுங்களா?" என்றார். கூடலூர் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்று அப்பா நினைத்திருப்பார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்தது பெங்களூரில் மருத்துவப் பரிசோதனை. அதற்கு அழைப்பு வருவதற்குள் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். மழைக்காலம் முழுக்கப் புகைபோக்கியில் புகை இல்லை. அப்பா வீட்டில் இருந்தார். ரேடியோவைப் பிரித்துத் துடைத்து மறுபடி மாட்டினார், கோழிக்கூண்டுக்குக் கதவு போட்டார். அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு சமவெளியிலிருந்து வந்த யாரோ ஃபேக்டரியை வாங்கினார்கள். பழைய ஆட்கள் சில பேரைக் கூப்பிட்டார்கள், அப்பாவையும் கூப்பிட்டார்கள்.

"என்ன வேலைங்கப்பா?" என்று கேட்டேன்.

"அதே வேலதான் அம்முணி" என்றார். மறுநாள் தேய்த்த சட்டையும் பேனாவுமாகப் போனார்.

அழைப்பு வந்தது. மழையில் நின்றுபோன காலைப் பரிசோதனையை மறுபடி தொடங்கலாம் என்று வாசலுக்கு வந்தேன். அன்றைக்கு நல்ல வெயில். கூரையைப் பார்த்தேன். எழுத்து இருந்தது, வெள்ளையாக இருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். வாசல் ஓரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், "கூரையில என்னம்மா பண்ணி வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"பேரை மாத்தீட்டாங்கல்ல, போன வாரமே" என்றாள். திரும்பிக்கூட உட்காராமல், தலையை மட்டும் நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் புதுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் கை நின்றது. இத்தனை நாளும் நான் கூரையைப் படிக்கவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கண்ணை மூடினால் என்ன, இரண்டையும் மூடியிருந்தாலும் ஒப்பித்திருப்பேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். கூரை மேல் கோபம், கேரட் மேல் கோபம்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வெளியிலேயே குளித்துவிட்டு உள்ளே வந்தவர் துண்டால் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். "மூட்டமா இருந்திருக்கும்" என்றார். வெயில் என்றேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஃபேக்டரி வாசல்ல ஆளுக நடமாடறது தெரியுதா?" என்று கேட்டார்.

"பொட்டு வெச்ச மாதிரி தெரியுதுங்கப்பா. யாருன்னு தெரியிலீங்க."

"அது போதும்" என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

குன்னூர் பஜாரில் கண்ணாடிக் கடைக்கு நானாகப் போனேன். கடைக்காரர் என் கண்ணில் கனமான வட்ட ஃபிரேமை மாட்டி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, விதி மன்னிக்கிற துளிக்கு மேலே. "கண்ணாடி விக்கறவன் வேறென்ன சொல்லுவான்?" என்றாள் அம்மா. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். நம்புவதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

பெங்களூருக்கு அம்மாதான் வந்தாள். "இப்பத்தான் சேந்திருக்கேன், லீவு கேக்க முடியாது" என்று அப்பா சொல்லிவிட்டார். ரத்தம், காது, நெஞ்சு, பல் என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். சுவரோடு ஒட்ட வைத்துக் காலை அளந்தார்கள். அம்மாவின் டேப் சொன்னது சரிதான். புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிற எண்களைக் காட்டி நிறம் பார்த்தார்கள், தடதடவென்று சொல்லிவிட்டேன். தூரப்பார்வைக்கு வெளி பெஞ்சில் காத்திருந்தபோது, முடித்துவிட்டு வந்த ஒரு பெண் என் பக்கத்தில் குனிந்து, அட்டையின் கடைசி வரியைக் காதில் சொன்னாள். நல்ல மனசு அவளுக்கு. உள்ளே போவதற்குள் அந்த வரி எனக்கு மனப்பாடம்.

சீருடை போட்ட பெண் டாக்டர் என் ஒரு கண்ணை மூடினார். மேல் எழுத்துகளைப் படித்தேன். அப்புறம் மூட்டம். "கீழே" என்றார். அந்த வரி நாக்கின் நுனியில் நின்றது. சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. ஆனால் ஒரு கூரையை ஒப்பித்து வருடக்கணக்கில் ஏமாந்தவளுக்கு, இன்னொன்றையும் ஒப்பிக்க வாய் வரவில்லை. "தெரியவில்லை" என்றேன். இன்னொரு கண்ணுக்கும் அதையே சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். மேல்முறையீடு செய்யலாம் என்று விளக்கினார்கள். செய்து என்ன ஆகப் போகிறது? வெளியே வந்து அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதேன். ஊர் பேர் தெரியாத பத்துப் பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தது.

ஊருக்கு வந்த அடுத்த நாளே அம்மா என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "போட்டுத் தொலை. வர்றவன் கண்ணாடியோட சேத்துக் கட்டிக்கட்டும்" என்றாள். சில நாளில் கண்ணாடி தயாரானது. கடையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தேயிலைச் செடிக்குத் தனித்தனியாக இலை இருப்பது பஸ்ஸிலிருந்தே தெரிந்தது. எதிர்மலையில் கொடியில் காயும் துணியின் நிறம் தெரிந்தது. இத்தனையும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததா என்று ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

வீட்டு வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கூரையைப் படித்தேன். முழுப் பெயரும் தெரிந்தது. கீழே பார்த்தேன். ஃபேக்டரி வாசலில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு ஆள் கட்டையைத் தோளில் தூக்கி அடுப்பு இருக்கிற பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்பி வந்து அடுத்த கட்டையைத் தூக்கினார். சட்டை இல்லை, பனியன். தலையில் துண்டு. விறகு அடுக்கின் ஓரத்தில், தூசி படாமல் மடித்து வைத்திருந்தது மஞ்சள் ஸ்வெட்டர்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"புது மொதலாளிக மாடி வேலைக்கு அவிய ஆளப் போட்டுட்டாங்க" என்றாள். "நீ போயிட்டு வர்ற வரைக்கும் சொல்ல வேண்டாம்னாரு. மூட்டத்துல உனக்குத் தெரியாதுல்ல."

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. வாசலில் நின்ற எல்லோருக்கும் தினமும் தெரிந்திருக்கிறது. பைலட் ஆக முடியாதது அந்த நிமிடம் எனக்கு ஒரு விஷயமாகவே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். வெளியே குளித்து, சட்டை மாற்றி, பேனாவைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி நல்லா இருக்கு அம்முணி. எல்லாம் நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுங்கப்பா."

நான் கொடுத்த டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஃபேக்டரி வாசல்ல ஆளுக?"

அம்மா அடுப்படியில் நின்றபடியே திரும்பினாள்.

"அது இன்னும் பொட்டாத்தாங்கப்பா தெரியுது" என்றேன்.

அப்பா ஒரு வாய் டீயைக் குடித்தார். "போகப் போகச் சரியாயிரும்" என்றார்.