இடது ஓரத்தில் ஒரு மகள்

பழனிச்சாமி தன் கையால் வெட்டிய பெயர்கள் எத்தனை என்று கேட்டால் அவனுக்கே கணக்குத் தெரியாது. பதினேழு வயதில் கரூர் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் சேர்ந்தான். கல்யாணச் சீர் குடங்களிலும் தாம்பாளங்களிலும் மின்சார ஊசியால் மணமக்கள் பெயரைப் பொறிப்பதுதான் வேலை. ஊசி நடுங்கும், அவன் கை நடுங்காது. அந்தக் கையை நம்பித்தான் 1997 பிப்ரவரியில், கல்யாணமாகி இரண்டே வருடத்தில், மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்த ஜோதிமணியை அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான்.

அங்கே தொழில்பேட்டையில் கலீலுர் ரஹ்மான் நடத்தும் பெயர்ப்பலகைக் கடையில் வேலை. கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். டாக்டர் வீட்டுக் கதவுக்குப் பெயர், பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பை, கம்பெனி வாசலுக்குப் பித்தளைத் தகடு என்று எது வந்தாலும் பழனிச்சாமியின் மேசைக்குத்தான் வரும். ஏழு வருடம் அப்படி ஓடியது.

2004 பிப்ரவரியில் துபாயிலிருந்து ஓர் ஆங்கிலேய அம்மாள் அந்தக் கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் ஹேரியட். கையில் சுருட்டிய பெரிய காகிதம். மேசைமேல் விரித்தபோது, மேலே ஒரு பெயரும் அதிலிருந்து கீழே கிளை கிளையாகக் கோடுகளும் மொத்தம் நாற்பத்தொரு பேருமாக அது ஒரு மரத்தைத் தலைகீழாக நட்டுவைத்தது போலிருந்தது.

"இவங்க வம்சம்பா" என்றார் கலீலுர் ரஹ்மான். "பிரபு குடும்பம். ராஜா பட்டம் குடுத்து இருநூத்தி அறுவது வருசமாச்சாம். இவங்க தம்பிக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. அடுத்த பிரபு அந்தப் புள்ளதான். அதுக்கு சர்ச்சுல பேர் வைக்கிற விசேசத்துக்கு இதைப் பித்தளையில வெட்டிக் கொண்டுபோறாங்களாம். சனிக்கிழமை பிளைட்டு."

அந்த ஒரு வாரமும் பழனிச்சாமி அந்தக் காகிதத்தோடு வாழ்ந்தான் என்றே சொல்ல வேண்டும். பத்தாவது வரை படித்த இங்கிலீஷ் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பிறந்தது இன்ன வருடம், இறந்தது இன்ன வருடம், மணந்தது இன்னாரை. ஒருவர்கூட விடுபடவில்லை. தன் தாத்தாவுக்கு அப்பன் பெயர் என்னவென்று யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை.

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் ஒரே ரூமில் கூட இருக்கும் புதுக்கோட்டைத் தியாகு கட்டிலில் படுத்தபடியே கிண்டல் பண்ணினான். "என்ன மாப்ள, வெள்ளக்காரனுக்கு ஜாதகம் எழுதுறியாமே. எனக்கும் ஒரு பிரபு வீட்டுப் பொண்ணாப் பாரு."

"உன்ற மூஞ்சிக்குப் பிரபு வீட்டுக் குதிரைகூடக் கெடைக்காது" என்றான் பழனிச்சாமி.

தகட்டுக்கு அளவாக வரைந்துகொண்டே மூன்றாவது தலைமுறைக்கு வந்தபோது அவன் பென்சில் நின்றது. ஒரு தம்பதிக்குக் கீழே ஐந்து கிளைகள். இடது ஓரத்தில், முதல் கிளையின் அடியில், பெயர் இல்லை. 'ஒரு மகள். பிறந்ததும் இறந்ததும் மார்ச் 1811' என்று மட்டும் இங்கிலீஷில் இருந்தது. அதற்கு அடுத்ததாகத்தான் சார்லஸ், பட்டத்துக்கு வந்தவன்.

பேர்கூட வைக்காத குழந்தையை எழுதி வைத்திருக்கிறார்களே என்று கலீலுர் ரஹ்மானிடம் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாசத்துல எழுதுனதுன்னா நெனச்சே? சொத்து, பட்டம் எல்லாம் மூத்த ஆம்பளப் புள்ளைக்குத்தான் போவும். நாளைக்கு ஒருத்தன் வந்து நாந்தான் மூத்தவன்னு நின்னா, மொதல்ல பொறந்தது பொண்ணு, அதுவும் தங்கலைன்னு காட்டணும்ல. அதுக்காவத்தான் மவுத்தாப்போன புள்ளையைக்கூட விடாம எழுதி வச்சிருக்கானுவோ."

பழனிச்சாமி மேசைக்குத் திரும்பினான். ஆனால் அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு என்னவோ செய்தது. பால் மணம் மாறாத ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாளில், அந்த விசேஷத்துக்குக் கொண்டுபோகிற தகட்டில், செத்த குழந்தையைப் போய் வெட்டுவதா? இந்த அம்மாள் பாவம், காகிதத்தில் இருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார். கவனித்திருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார். தெரிந்தவன் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று முடிவெடுத்தான். ஐந்து கிளையை நான்காக்கி, இடைவெளி தெரியாதபடி நகர்த்தி, கோடுகளைச் சரிசெய்தான். பிறகு மிஷினில் தகட்டை ஏற்றி நாற்பது பேரை வெட்டி முடித்தான். எழுத்துகளில் கறுப்பு மை ஏற்றித் துடைத்தபோது தகடு தங்கம்போல் மின்னியது. பெயர்களின் எழுத்தை மட்டும் சரிபார்த்த கலீலுர் ரஹ்மான், "மாஷா அல்லாஹ்" என்றார்.

வியாழக்கிழமை காலை ஹேரியட் அம்மாள் வந்தார். தகட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு ஆள்காட்டி விரலை மேலிருந்து கோட்டின்மேல் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். மூன்றாவது தலைமுறையில் விரல் இடது பக்கம் போய் நின்றது. திரும்பவும் மேலே போய், திரும்பவும் வந்தது.

"அவள் எங்கே?" என்று கேட்டார்.

கலீலுர் ரஹ்மான் பழனிச்சாமியைப் பார்த்தார். பழனிச்சாமி எழுந்து நின்றான்.

"நாந்தானுங்க பாய் எடுத்துட்டேன். நல்ல காரியத்துக்குச் செய்யற பொருள். அதுல செத்த கொழந்தையை எழுதுனா நல்லாருக்காதுன்னு... மறதி இல்லைன்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. வேணும்னுதானுங்க விட்டேன்."

கலீலுர் ரஹ்மானுக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த அம்மாள் கோபப்படுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நிதானமாகப் பேசினார். பாய் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழாக்கினார்.

"இந்த மரம் அவங்க வீட்டு மாடிப்படிச் சுவத்துல மாட்டியிருக்குமாம். வீட்டுக்கு மூத்தது இவங்கதானாம். தம்பி பொறந்தது மூணு வருசம் கழிச்சு. அன்னைக்கே வீடு, நெலம், பட்டம் எல்லாம் அவனுக்குன்னு ஆயிருச்சு. இவங்களுக்குன்னு கெடைச்சது இந்த மரத்துல இடது ஓரத்துல ஓர் இடம். அவ்வளவுதானாம்."

அம்மாள் மறுபடி பேசினார். பாயின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"சின்னப் புள்ளையில படியேறும்போதெல்லாம் வெரல வச்சுப் பார்ப்பாங்களாம். இவங்களை மாதிரியே இடது ஓரத்துல இன்னொருத்தி. அவளுக்குப் பேரும் இல்ல, கல்லறையும் இல்ல. அந்த இடம் மட்டும் இருந்துச்சு. எழுதுனவன் சொத்துக்காகத்தான் எழுதுனான், அது எனக்கும் தெரியும்ங்கறாங்க. ஆனா அதையும் எடுத்துட்டா, அந்தத் தாய் ஒருத்தியைப் பெத்தாங்குறதே இல்லாமப் போயிடுமேன்னு கேக்குறாங்க."

 இதே வார்த்தையைப் பழனிச்சாமி வேறொரு வாயிலிருந்து கேட்டிருந்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு, லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, மகன் விஜயபாஸ்கருக்குக் காதுகுத்து வைத்தார்கள். பத்திரிகைக்கு வாசகம் எழுதினான் பழனிச்சாமி. 'எங்கள் முதல் குழந்தை' என்று தொடங்கினான். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த ஜோதிமணி, "ஏனுங்க, முதல் கொழந்தைன்னு போடாதீங்க. இவன் ரெண்டாவது" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்ல காரியத்துக்கு அடிக்கிற பத்திரிகைல அதையெல்லாம் எழுதுவாங்களா? இறந்துபோன பெரியவங்களுக்குத் தெய்வத்திருன்னு போடறோம். ரெண்டு நாள் இருந்ததுக்கு என்னன்னு போடறது?"

"எதுவும் போட வேண்டாமுங்க. முதல்ங்கறதை மட்டும் எடுத்துருங்க. இல்லாட்டி நான் ஒருத்தியைப் பெத்தேங்கறதே இல்லாமப் போயிருமுங்க."

அவன் எடுக்கவில்லை. பத்திரிகை அப்படியே அச்சாகி ஊரெல்லாம் போயிற்று. அன்றிலிருந்து ஜோதிமணி அவனிடம் சண்டையும் போடவில்லை, பேசவும் இல்லை. வெள்ளிக்கிழமை போன் பண்ணினால், "ம்", "செரிங்க", "பையன்கிட்டத் தர்றேன்". இத்தனைதான். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு மனைவி என்பது போனில் வரும் குரல்தான். அந்தக் குரலும் போய்விட்ட எட்டு மாதத்தில், இந்தப் பிழைப்பு எதற்கு என்றுகூட அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இனி எப்போதுமே இப்படித்தானோ என்ற பயம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சனிக்கிழமை காலைல வேற தகடு குடுத்தர்றேன்னு சொல்லுங்க பாய்" என்றான் பழனிச்சாமி.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைப்பா. கடை லீவு."

"தெரியுமுங்க. சாவியைக் குடுத்துட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை காலை தியாகுவும் மற்றவர்களும் ரோலா கடைவீதிக்குக் கிளம்பிப் போனார்கள். பழனிச்சாமி பூட்டிய கடைகளுக்கு நடுவே அந்த ஒரு கடையைத் திறந்து உட்கார்ந்தான். புதுத் தகட்டில் மூன்றாம் தலைமுறையைத் திரும்ப ஐந்து கிளையாகப் பிரித்தான். மற்ற நாற்பது பேரையும் விறுவிறுவென்று வெட்டிவிட்டான். இடது ஓரத்து மகளைக் கடைசிக்கு வைத்தான். 1811 என்ற எண்ணை மிஷின் வெட்டும்போது பித்தளைத் துருவல் சுருள் சுருளாக எழுந்து விழுந்தது. மார்ச் மாதம், யாரோ ஒருவன் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறான். நூற்றுத் தொண்ணூற்று மூன்று வருடம் கழித்து, எந்தச் சம்பந்தமும் இல்லாத தான் அதை வெட்டுகிறோம்.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது.

தன் மகள் பிறந்த தேதி அவனுக்குத் தெரியாது.

1997இல் மாமனார் எழுதிய கடிதம் பதினெட்டு நாள் கழித்து அவன் கைக்கு வந்தது. 'பெண் குழந்தை. தங்கவில்லை. ஜோதி நலம். கவலைப்பட வேண்டாம்.' அதில் தேதி இல்லை. அவனும் கேட்டு எழுதவில்லை. கேட்டால் அவள் மனம் நோகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். உண்மை அது இல்லை. கேட்காமல் இருந்தால் அப்படி ஒன்று நடக்காதது மாதிரி இருந்தது. அவனுக்கு அது வசதியாக இருந்தது. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்த வசதி இல்லையே என்று ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அவன் நினைக்கவில்லை.

ஒதுக்கி வைத்த பழைய தகட்டின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை அறுத்தான். பின்பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். தமிழ் எழுத்துக்கு மிஷினில் அச்சு கிடையாது. பாத்திரக் கடைக் காலத்து மின்சார ஊசியை எடுத்தான். 'பழனிச்சாமி - ஜோதிமணி' என்று மேலே வெட்டினான். கீழே ஒரு கோடு. கோட்டிலிருந்து இரண்டு கிளை. வலது கிளையில் 'விஜயபாஸ்கர்'. இடது கிளையில் ஊசியை வைத்தவன் எடுத்துவிட்டான். எதை வெட்டுவது?

கடைக்கு வெளியே ரோட்டோரம் இருந்த போன் பெட்டிக்கு நடந்தான். கார்டைச் செருகி எண்களை அழுத்தினான்.

"நாந்தான்" என்றான்.

"ம். பையன்கிட்டத் தர்றேன்."

"வேண்டாம், இரு. ஜோதி... பாப்பா பொறந்தது என்ன தேதி?"

"பாஸ்கருதா? ஏன், பாஸ்போர்ட்டுக்கா?"

"பாஸ்கருது இல்ல. மொதப் பாப்பாது."

 ஒரு லாரி அவனைத் தாண்டி மணலை வாரி இறைத்துவிட்டுப் போனது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஏனுங்க கேக்கறீங்க?"

அவன் சொன்னான். பிரபு வீட்டு மரத்தைச் சொன்னான், 1811ஐச் சொன்னான், தான் செய்த காரியத்தையும் அந்த அம்மாள் கேட்டதையும் சொன்னான். கோர்வையாக வரவில்லை. கடைசியில், "பத்திரிகைல நான் போட்டது தப்பு புள்ள" என்றான்.

"ஜூலை முப்பது" என்றாள் ஜோதிமணி. யோசிக்கவே இல்லை. "புதங்கெழம, பொழுதோட ஆறு மணிக்கு. ரெண்டே கால் கிலோ. வெள்ளிக்கெழம வெடியால போயிட்டா. ஆடி வெள்ளிங்க. மாரியாத்தா கோயில்ல கூழு ஊத்தற மைக்குச் சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கிட்ட இருக்குதுங்க, பாத்துத்தான் சொல்லோணும்னு இல்ல."

"என்ன பேருன்னு வெட்டறது?"

"பேரு வெக்கறதுக்குள்ளதான் போயிட்டாளே." அவள் குரல் உடைந்தது. "மூத்தவள்னு வெட்டுங்க. அது போதும்."

பிறகு அவள் அழுதாள். ஏழு வருடமாக அவன் காதுபட அழாதவள், அணை உடைந்தது போல அழுதாள். பழனிச்சாமி தடுக்கவில்லை. ரிசீவரைப் பிடித்தபடி நடு வெயிலில் நின்றான். அவன் கன்னத்திலும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

தூரத்தில் மகனின் குரல் கேட்டது. "ஏம்மா அழுவுற? அப்பா வஞ்சாரா?"

"இல்லடா கண்ணு. உங்க அக்காளோட பொறந்த நாளை அப்பா கேக்கறாரு."

"எனக்கு அக்கா இருக்குதா?"

"இருந்தா. ரெண்டு நாள்."

பையன் அதற்கு என்ன சொன்னான் என்று பழனிச்சாமிக்குக் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் என்று போனில் ஒரு பெண் குரல் அறிவித்தது. ஜோதிமணி அவசரமாகப் பேசினாள்.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

எட்டு மாதமாக அவள் கேட்காத கேள்வி. இல்லை என்று அவன் உண்மையைச் சொன்னான்.

"மொதல்ல போய்ச் சாப்பிடுங்க. அப்புறம் வெட்டலாம்" என்றாள்.

அந்த ஒரு பேச்சை மட்டும் பழனிச்சாமி கேட்கவில்லை. நேரே கடைக்குப் போய் ஊசியை எடுத்தான்.